பால்வாடி டீச்சருக்கு எந்தப் பயிற்சி? மண்டபம், வகுப்பறை, செல்போன், கூடுதல் ஆள்: ஓர் ஒப்பீடு

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பக்கம் அங்கன்வாடியை இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அறை. இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே பாயில். ஒரு டீச்சர், ஒரு ஆயா. சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் உருது, மற்றவற்றில் தமிழ். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் வரும்போது அது சுவர் ஓவியத்திலும் டி.வி.யிலும் போய் முடிவதுதான் வழக்கம். அதே பணத்தை டீச்சரின் கற்பித்தலுக்குச் செலவிட முன்வருபவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே இங்கே கேள்வி. போட்டியில் ஐந்து வழிகள் இருக்கின்றன: மண்டபப் பயிற்சி, வகுப்பறைக்கே வரும் வழிகாட்டி, செல்போன் வழிகாட்டி, மாண்டிசோரி போன்ற முழுநீளப் படிப்பு, பயிற்சியே இல்லாமல் கூடுதலாக ஓர் ஆள். கற்பிக்க ஒரே ஆள் இருக்கும் மையத்தில் முதல் ரூபாய் கூடுதல் ஆளுக்கும், இரண்டாவது ரூபாய் வகுப்பறை வழிகாட்டிக்கும் போகவேண்டும் என்பது என் முடிவு. காரணங்களைப் பார்ப்போம்.

ஆய்வுகள் பலனைத் திட்ட விலக்கம் என்ற அலகில் சொல்கின்றன. நூறு குழந்தைகளை மதிப்பெண்படி கீழிருந்து மேலாக நிறுத்தினால், 50ஆவது இடத்தில் நிற்கும் குழந்தையை 0.12 என்ற பலன் 55ஆவது இடத்துக்கும், 0.24 என்ற பலன் 59ஆவது இடத்துக்கும், 0.46 என்ற பலன் 68ஆவது இடத்துக்கும் கொண்டுபோகும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மண்டபமும் வகுப்பறையும்

மண்டபப் பயிற்சி படிப்படியாக இறங்கி வருவது. மாநில அளவில் சிலர் கற்று மாவட்டத்துக்குச் சொல்ல, அவர்கள் வட்டாரத்துக்குச் சொல்ல, கடைசியில் டீச்சரிடம் வந்து சேரும். ஒவ்வொரு படியிலும் முதலில் உதிர்வது 'எப்படி' என்கிற பகுதி. தமிழக அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின் இந்த மாதக் கருப்பொருள் என்ன என்பது முழுசாக வந்து சேர்ந்துவிடும். மூன்று வயதுக்காரன் பாதியில் எழுந்து ஓடினால் நான்கு வயதுக்காரர்களை விடாமல் எப்படி நடத்துவது என்பது வந்து சேராது. காரணம், மண்டபத்தில் அந்தச் செயல்பாட்டைச் செய்து காட்டுவது பெரியவர்களை வைத்து. அவர்கள் வட்டமாக உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது, 2020இல் வெளியானது. களம் முன்பருவக் கல்வி இல்லை, முதல் இரண்டு வகுப்புகளில் தாய்மொழி வாசிப்பு. 180 பள்ளிகளில் 50க்கு மண்டபப் பயிற்சி, 50க்கு வகுப்பறைக்கே வரும் வழிகாட்டி, மீதி 80 ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்பட்டன. இரு தரப்புக்கும் ஒரே பாடக்குறிப்பு, ஒரே வாசிப்புப் பொருட்கள். இரண்டு ஆண்டு முடிவில் மண்டபத்தின் பலன் 0.12, வழிகாட்டியின் பலன் 0.24. வழிகாட்டிக்குச் செலவு கூடுதல்தான். ஆனாலும் செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பலனில் அதுவே முந்தியது.

அதற்காக மண்டபத்தைத் தூக்கி எறியவேண்டாம். புதிய பாடத்திட்டம், புதிய விளையாட்டுப் பெட்டி, புதிய மதிப்பீட்டு அட்டை, இவற்றை அறிமுகப்படுத்த அதுவே மலிவான வழி. ஒரு தொகுப்புக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். இருக்கும் நேரத்தில் பாதியை ஒத்திகைக்கு ஒதுக்கவேண்டும். அருகில் உள்ள மையத்தின் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை அழைத்துவந்து அவர்களை வைத்தே செய்துபார்க்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பயன்படுத்தவேண்டிய பொருளைக் கையோடு கொடுத்து அனுப்பவேண்டும். டீச்சர் பயிற்சிக்குப் போகும் நாட்களில் மையம் ஆயா ஒருவரின் தலையில் விழுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே சரகத்து (ஒரு சூப்பர்வைசரின் கீழ் வரும் மையங்களின்) டீச்சர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் அழைப்பது தவறு.

வகுப்பறை வழிகாட்டியின் கணக்கு இது. ஒருவர் நாளுக்கு இரண்டு மையம், வாரத்தில் நான்கு நாள் என்று போனால் எட்டு மையம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகை என்றால் ஒருவரால் 16 மையங்களைத்தான் கவனிக்க முடியும். ஐந்தாவது நாள் வழிகாட்டிகள் கூடிப் பேசவும் பொருட்கள் தயாரிக்கவும். 16ஐ 40 ஆக்கினால் வருகை ஐந்து வாரத்துக்கு ஒரு முறை ஆகிவிடும். டீச்சர் பழைய பழக்கத்துக்குத் திரும்ப அந்த இடைவெளி போதும். ஆசிரியர் வழிகாட்டல் பற்றிய 60 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வும் இதையே காட்டுகிறது. கற்பிக்கும் முறையில் சராசரிப் பலன் 0.49, மாணவர் அடைவில் 0.18. ஆனால் நூறு ஆசிரியர்களுக்கு மேல் விரிந்த திட்டங்களில் பலன் கணிசமாக இளைத்துவிடுகிறது. ராயபுரம் மண்டலத்தில் 16 மையங்களில் நன்றாக நடந்தாலும் அதை மாநிலம் முழுக்க அப்படியே எதிர்பார்க்க முடியாது.

ஒரு வருகை இப்படி இருந்தால் உருப்படும். முதல் 40 நிமிடம் பின்னால் பாயில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும். நோட்டில் மூன்றே குறிப்புகள்: எத்தனை குழந்தைகள் வாய் திறந்து பேசின, டீச்சர் கேட்ட கேள்விகளில் 'ஆமா, இல்லை' என்பதைத் தாண்டிப் பதில் கேட்டவை எத்தனை, ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு மாற எத்தனை நிமிடம் வீணானது. பிறகு வழிகாட்டி தானே 15 நிமிடம் நடத்திக் காட்டவேண்டும். குழந்தைகள் சாப்பிட்டுப் படுத்தபின் 20 நிமிடம் பேச்சு. அதில் மாற்றவேண்டிய ஒரே ஒரு விஷயம்தான் பேசப்படவேண்டும். அடுத்த வருகையில் முதலில் பார்க்கவேண்டியது அந்த ஒன்றைத்தான்.

எவ்வளவு நுணுக்கமாக இறங்கவேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கைதட்டும் விளையாட்டு பின்னாளில் வாசிப்புக்கு அடித்தளம். காசிமேட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்களே போதும்: வ-லை இரண்டு தட்டு, ப-ட-கு மூன்று தட்டு, வஞ்-சி-ரம் மூன்று தட்டு. இங்கே பல டீச்சர்கள் எழுத்துகளை எண்ணி வஞ்சிரத்துக்கு ஐந்து தட்டுத் தட்டுகிறார்கள். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகத் தட்டியதும் காதில் விழுவதும் கையில் வருவதும் வேறு வேறாகிக் குழந்தை குழம்பிவிடுகிறது. மண்டபத்தில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கதை சொல்வதும் அப்படித்தான். ஒரே கதையை வாரத்தில் மூன்று நாள் சொல்லவேண்டும்: முதல் நாள் கதை மட்டும், இரண்டாம் நாள் 'ஏன் அப்படிச் செஞ்சுது?' என்ற கேள்விகள், மூன்றாம் நாள் குழந்தைகள் சொல்ல டீச்சர் கேட்பது. பத்து நிமிடம் போதும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை கொடுப்பது பழைய வழக்கம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதே பாயில் இருந்தால் மூக்கிலும் காதிலும் போகும். கைக்குள் அடங்காத பெரிய மூடிகளைக் கொடுக்கலாம்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். வழிகாட்டியாக வந்தவர் நான்காவது வருகையில் ரிஜிஸ்டரைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் இன்னொரு சூப்பர்வைசர். டீச்சர் அவருக்காகத் தனியாக ஒரு பாடம் தயாரித்து வைப்பார், உண்மையான வகுப்பு கண்ணில் படாது. வழிகாட்டி எழுதும் குறிப்பு மேலதிகாரிக்குப் போகாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

செல்போன் வழி

வாட்ஸ்அப் குழு, வீடியோ, வாராந்தரத் தொலைபேசி அழைப்பு: மலிவு, விரிவாக்க எளிது. இதையும் தென்னாப்பிரிக்காவில் நேரில் வரும் வழிகாட்டியோடு மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வு ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றியது. நேரில் வந்தவர்களின் மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசுவதில் 0.31, வாசிப்பில் 0.13 முன்னேற்றம். டேப்லெட் வழியாக வழிகாட்டப்பட்டவர்களுக்குப் பேச்சில் 0.12, வாசிப்பில் ஒன்றுமில்லை. அதைவிடக் கவலை தருவது, அவர்களின் தாய்மொழி வாசிப்பு சரிந்தது. இரண்டரை வயதிலேயே ஆங்கில எழுத்தைத் தொடங்கும் நர்சரிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் இந்த முடிவைக் கூர்ந்து படிக்கவேண்டும். நேரில் இரண்டு வருகைகளுக்கு இடையே நினைவூட்டலாக ஒரு நிமிட வீடியோ அனுப்பலாம். அதற்கு மேல் அதை நம்பவேண்டாம்.

முழுநீளப் படிப்பு

மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து முதல் இந்தியப் பயிற்சியை நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அந்த மரபு இந்த நகரத்தில் ஆழமாக வேரூன்றியது, அதை மதிக்கிறேன். வயது கலந்த வகுப்பு என்கிற அதன் அடிப்படை பால்வாடிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரண்டரை, மூன்று மணி நேரம் இடையூறில்லாத வேலை நேரம், ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு தொகுதி என்று அடுக்கிய பொருட்கள், அவற்றுக்கு அலமாரி, இதெல்லாம் இல்லாமல் அந்த முறை முழுமையாக இயங்காது. 2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மாண்டிசோரியைக் கலப்பில்லாமல் நடத்திய வகுப்புகளில் குழந்தைகள் அதிகம் முன்னேறியதையும், வேறு பயிற்சித்தாள்களையும் பொம்மைகளையும் கலந்த வகுப்புகளில் அந்த முன்னேற்றம் குறைந்ததையும் காட்டியது. வாசலில் மாண்டிசோரி என்று போர்டு வைத்துவிட்டு உள்ளே நாலுகோட்டு நோட்டு எழுதவைக்கும் இடங்களை இந்த ஆய்வோடு வைத்துப் பார்க்கலாம். இளம் டீச்சர் ஒருவர் தொழிலாகவே இதில் தொடர விரும்பினால் டிப்ளமோ நல்ல முதலீடு. ஒரு சரகம் முழுவதற்கும் அது விடை ஆகாது.

படிப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது இடைநிலை ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். அவர்கள் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்காகப் பயின்றவர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டிய திறன் வேறு.

கூடுதலாக ஓர் ஆள்

இதைப் பயிற்சியின் போட்டியாளராகப் பலர் நினைப்பதே இல்லை. ஆனால் நமக்கு மிக நெருக்கமான சான்று இதற்குத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில், குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். புதியவர் முன்பருவக் கல்வியை எடுத்துக்கொள்ள, பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது. நாளொன்றுக்கு 38 நிமிடமாக இருந்த கற்பித்தல் 76 நிமிடம் ஆனது. 18 மாதங்களுக்குப் பின் அந்த மையங்களின் குழந்தைகளுக்குக் கணக்கில் 0.29, மொழியில் 0.46 முன்னேற்றம். வயதுக்கேற்ற உயரம் இல்லாமையும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன.

38 நிமிடம் என்ற எண்ணில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. எடை, உயரம், தடுப்பூசிப் பட்டியல், இணை உணவு மாவு வழங்கல், போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, இவ்வளவும் ஒரே ஆள். காலையில் ஆயா சமையலில் இருப்பார். இந்தச் சூழலில் மிகச் சிறந்த வழிகாட்டி வந்தாலும் அவர் மேம்படுத்துவது 38 நிமிடத்தை மட்டுமே. ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய 'போஷன் பீ, படாய் பீ' (ஊட்டமும் படிப்பும்) திட்டம் நாளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேர முன்பருவக் கல்வியை எதிர்பார்க்கிறது. ஆளைக் கூட்டாமல் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

இதிலும் பிசகு வரும். புதியவர் வந்த மூன்றாம் மாதம் அவரையும் செல்போன் பதிவில் உட்காரவைத்துவிட்டால் எல்லாம் பழையபடிதான். காலை நேரத்தில் அவருக்கு வேறு வேலை கிடையாது என்பதைச் சூப்பர்வைசர் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆளும் அதே தெருவைச் சேர்ந்தவராக இருந்தால் மழைக்காலத்திலும் வந்துசேர்வார்.

பெற்றோரைச் சேர்ப்பதா?

ஆய்வுகள் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. மலாவியில் 199 மையங்களில் நடந்த ஆய்வில் (2018) ஆசிரியர் பயிற்சி மட்டும் குழந்தைகளிடம் பலன் தரவில்லை. பெற்றோர் கல்வி சேர்ந்தபோது தந்தது. கானாவில் 240 பள்ளிகளில் (2019) ஆசிரியர் பயிற்சி மட்டும் பலன் தந்தது. பெற்றோர் கூட்டங்களைச் சேர்த்ததும் அந்தப் பலன் கரைந்தது. 'விளையாடத்தான் அனுப்புறோமா? எழுதவே சொல்லித் தரலையே' என்று நம் பக்கம் கேட்கும் குரலை அறிந்தவர்களுக்குக் கானா முடிவு அதிர்ச்சி தராது. கூட்டத்துக்கு வந்த பெற்றோர் ஸ்லேட்டைக் கேட்டால் டீச்சர் ஸ்லேட்டுக்குத் திரும்புவார். அதனால் மேடைப் பேச்சும் வீடியோவும் வேண்டாம். நான்கைந்து தாய்மாரை ஒரு காலை முழுக்க உள்ளே உட்காரவைத்து, அவர்கள் குழந்தையே கதையைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கவிடலாம்.

சிலியிலிருந்து இன்னொரு எச்சரிக்கை. இரண்டு ஆண்டுப் பயிற்சியும் வழிகாட்டலும் வகுப்பின் தரத்தை நன்றாகவே உயர்த்தின. குழந்தைகளின் மொழித்திறன் ஒட்டுமொத்தமாக உயரவில்லை. பிறகு அலசியபோது, அதிகம் விடுப்பு எடுக்காத குழந்தைகளிடம் பலன் தெரிந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை தண்ணீர் தேங்கும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் புதிய முயற்சியை ஜூனில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஐப்பசியில் தொடங்கினால் வருகைப் பதிவே படுத்துவிடும்.

பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது ஒன்று. டீச்சரின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு, மாதத்தில் ஏதாவது ஒரு நாள், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல், கடிகாரத்தை வைத்துக் கற்பித்தல் நேரத்தை மட்டும் அளக்கவேண்டும். பாட்டு, கதை, பேச்சு, பொருள் வைத்து விளையாட்டு இவை கணக்கில் சேரும். வரிசையில் நிற்பது, தட்டுக்குக் காத்திருப்பது சேராது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று அளவுகளும் 60 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் ஆளைத் தேடுங்கள். மேலே இருந்தால் செப்டம்பரில் வழிகாட்டியை அனுப்பலாம்.