சேலத்து வீட்டுக்கு எந்தக் கொடி: அரசாணியா, சுரையா, சௌசௌவா?

கொடி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்ற குறை சேலத்து வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் அரசாணிக்காயை, அதாவது பறங்கிக்காயைப் பற்றியே எழுகிறது. முதலில் வருபவை ஆண் பூக்களே. அடியில் உருண்டைப் பிஞ்சைத் தாங்கிய பெண் பூக்கள் பிறகுதான் வரும் என்பதால், தொடக்கத்தில் பூ உதிர்வது நோயன்று. பெண் பூ வந்த பின்னரும் பிஞ்சு மஞ்சளித்து வெம்பினால், மகரந்தம் போதிய அளவு சேரவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். கனமும் பசையும் உள்ள அந்த மகரந்தத்தைக் காற்று கொண்டுசேர்ப்பதில்லை. தேனீ வர வேண்டும். இல்லையேல் ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் நாமே தடவ வேண்டும். விடியலில் மலரும் பூ முற்பகலிலேயே சுருங்கிவிடுவதால், காலை எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்புகிறவருக்கு இது தோதான கொடியன்று.

சுரையின் வெள்ளைப் பூவோ மாலையில் விரிந்து, இரவில் அந்துப்பூச்சிகளை வரவேற்று, மறுநாள் காலையில் வாடுகிறது. வேலை முடிந்து வந்தவரும் நிதானமாக மகரந்தம் தடவலாம். மகரந்தம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இளங்காய் பறிக்கலாம். அரசாணி முற்றுவதற்கு அதைவிட மிகுதியான நாட்கள் ஆகும், தரையில் படர இடமும் மிகுதியாக வேண்டும். மொட்டைமாடிப் பந்தலுக்குச் சுரையே என் தேர்வு.

கடும் வெயிலும் நீண்ட பகலும் அரசாணி, சுரை இரண்டிலும் ஆண் பூக்களைப் பெருக்குகின்றன. ஆகவே சித்திரை வெயிலில் பூக்கும்படி விதைப்பதைவிட ஆடிப்பட்டம் நல்லது. பெண் பூக்களைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கும் வழக்கம் வயல்களில் உண்டு. நான்கு கொடிகளுக்கு அது தேவையற்றது. யூரியாவைக் குறைத்தாலே போதும்.

சௌசௌவைச் சேர்வராயன் மலைக்கே விட்டுவிடலாம். காய்க்குள்ளேயே முளைக்கும் ஒற்றை விதையைக் கொண்ட அதை முழுக் காயாகவே நடுகிறார்கள். பல ஆண்டுகள் வாழும் அக்கொடிக்குக் குளிர்ச்சியும், பூப்பதற்குக் குறுகிய பகலும் வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் செழிக்கும் கொடி சேலத்து வெயிலில் தழைத்தாலும் காய்ப்பது அரிது.

மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளைக் காக்கப் பூச்சிமருந்தை மாலையில் அடிக்கச் சொல்லும் பொதுவான அறிவுரை அரசாணிக்கே பொருந்தும். சுரைக்கு மாலைதான் பூக்கும் பொழுது. அதற்குப் பூ வாடிய பிறகு, பகலில் வெயில் ஏறுமுன் அடிக்க வேண்டும்.