நான்கு பச்சைப் பாவாடை

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, தீபாவளிக்குச் சுங்குடிச் சேலை வாங்கிப் பாப்பாவுக்குப் பாவாடை சட்டை தைத்தால் லாபம்தானே? ஒரே பாவாடையை நீங்கள் ஐந்து வருடம் ஓட்டினீர்களாமே!" ஓட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அவளுக்கு வாயால் சொன்னது போதாதென்று இங்கே எழுதுகிறேன்.

2019 மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்காகத் தைத்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த வருடம் செழிப்பு என்பார்கள் அல்லவா, அதனால் பிள்ளைக்கும் பச்சை வேண்டும் என்றார் அத்தை. அரக்குக் கரை போட்ட கரும்பச்சைச் சுங்குடி, 650 ரூபாய். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் அசல் சுங்குடி இல்லை, அச்சுப் புள்ளிதான். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005லேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் கையால் முடிச்சிட்டது இப்போது எளிதில் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஒரு சேலையில் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை வரும். நாத்தனாரின் மூத்த மகளுக்கும் அதே வயது. பாதிக்குப் பாதி போட்டோம். ஆளுக்கு 325.

தைத்தவர் அப்போது மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. "வளர்கிற பிள்ளை, மூன்று டக் வைத்துவிடவா?" என்று அவர்தான் கேட்டார். பட்டுப்பாவாடைக்கு வைப்பது போலத்தான்: ஒரு அங்குல ஆழத்தில் ஒரு மடிப்பு, பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். பிள்ளை வருடத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வளர்ந்தாலும் இடுப்புக்குக் கீழே வளர்வது அதில் பாதிக்குச் சற்று மேல். ஆக மூன்று மடிப்புக்கு ஐந்து வருடம் தாங்கும். கணக்கு சரியாகவே இருந்தது. மடிப்பு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் எங்கள் வீட்டில் பேச்சு வளர்ந்தது. வெளியே வரிவரியாகத் தெரிந்தால் அசிங்கம் என்று நான் உள்ளே வைக்கச் சொன்னேன். "வெளியே இருந்தால்தான் துணி ஒரே மாதிரி வெளுக்கும்" என்றார் அத்தை. நாத்தனார் அம்மா பேச்சைக் கேட்டு வெளியே வைத்துக்கொண்டார்.

முதல் வருடத்தைக் குறை சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் மூன்று அலசலுக்குப் பச்சையாக இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் பிள்ளை அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள். நைலான் லேஸ் வைத்த கவுனைப் போட்டால் அரை மணி நேரத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு வருகிறவள், இதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். ஐந்தரை வருடத்தில் ஒரு தையல் விடவில்லை, ஒரு இடத்தில் பிசிர் இல்லை. தைத்தவருக்கு இதற்கே கும்பிடு போடலாம்.

2020இல் திருவிழாவும் இல்லை, தையல்காரரும் இல்லை. ஊரடங்கு. பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு மத்தியானம் பிளேடை வைத்து நானே கீழ் மடிப்பைப் பிரித்தேன். நூலை உருவி, துணியை உதறிவிட்டு, ஜன்னல் ஓரம் பிடித்துப் பார்த்தேன். கரைக்கு மேலே இரண்டு அங்குல அகலத்துக்கு, சுற்றிலும், கடையில் வாங்கிய அன்றைய கரும்பச்சை. அதற்கு மேலும் கீழும் மொட்டை மாடி வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்த ஒரு பச்சை. நடுவே பட்டை ஒட்டியதுபோல இருந்தது. பட்டையின் இரண்டு விளிம்பிலும் ஊசி ஏறிய ஓட்டைகள் வரிசையாக.

இரண்டு துவைப்பில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எலுமிச்சைச் சாறு போட்டேன். அந்தப் பட்டையை மட்டும் வெயிலில் காட்டலாம் என்று மீதிப் பாவாடையைத் துண்டால் மூடிக் கொடியில் போட்டேன். எதிர்வீட்டம்மா வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார். பட்டை அப்படியேதான் இருந்தது.

2022இல் மக்களோடு திருவிழா திரும்பியபோது இரண்டாவது மடிப்பு. இப்போது புதிய கரும்பட்டை ஒன்று, இரண்டு வருடம் வெளுத்த பழைய பட்டை ஒன்று. பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்த உள்பாடி இறுக்கமாகிவிட்டதால் அதை எடுத்துவிட்டு இடுப்புப்பட்டி வைக்க 150 ரூபாய். சட்டை அதற்கு முன்பே போய்விட்டது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பக்கத்துத் தையலைப் பிரித்தால் மார்புச் சுற்றளவு கூடும், தோளையும் கைக்குழியையும் ஒன்றும் செய்ய முடியாது. பாவாடை ஐந்து வருடம் வந்தால் சட்டை இரண்டு வருடம் வரும். மிச்சத் துணியைப் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேனே என்று பெருமையோடு எடுத்து இரண்டாவது சட்டை தைக்கக் கொடுத்தேன். பீரோவில் ஏது வெயில்? சட்டை கரும்பச்சை, பாவாடை வெளிர்பச்சை. தையல் கூலி 200 கொடுத்து ஒரே சேலையில் பொருந்தாத ஜோடி தைத்த பெருமை எனக்கு.

2024இல் மூன்றாவது மடிப்பையும் பிரித்தாயிற்று. மகள் கண்ணாடி முன்னால் நின்று விரல் வைத்து எண்ணினாள்: "அம்மா, இதில் நான்கு பச்சை இருக்கிறது. அழகருக்குக்கூட ஒன்றுதான்." ஒரு கல்யாண வீட்டில், "மடிப்புப் பிரித்த பாவாடையா?" என்று ஒருவர் அவளிடமே கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவள் அதைப் போடவில்லை.

அத்தை சொன்னது சரியா என்று பார்க்காமல் விடுவேனா? நாத்தனாரின் மகள் பாவாடையை வாங்கி என்னுடையதன் பக்கத்தில் தரையில் விரித்து டேப்பால் அளந்தேன். அதே துணி, அதே கை, மடிப்பு மட்டும் வெளியே. அதிலும் கரும்பட்டை இரண்டு அங்குலம்தான்! யோசித்தால் புரிகிறது. வெளிமடிப்பின் மேல்பக்கம் வெளுக்கும், உட்பக்கம் வெளுக்காது, மடிப்பு கீழே மூடியிருக்கும் ஓர் அங்குலமும் வெளுக்காது. போதாததற்கு மடிப்பின் முனை உரசி உரசி வெள்ளைக்கோடு வேறு விழுந்திருந்தது. அத்தையிடம் டேப்பைக் காட்டினேன். "நீ வெயிலில் போடாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை" என்றார். நிழலில், உட்புறம் வெளியே திருப்பிக் காயப்போட வேண்டும் என்பது உண்மைதான். அதை 2019இல் சொல்லியிருக்கலாம்.

பணக் கணக்கு கேட்கிறவர்களுக்கு: பாதிச் சேலை, முதல் தையல் 300, இடுப்புப்பட்டி, இரண்டாவது சட்டை, இரண்டு முறை பிரித்த கூலி 100, எல்லாம் சேர்த்து 1,075 ரூபாய். முதலில் தைத்த அந்த வருடமே விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் ரெடிமேட் செட் 700 சொன்னார்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் பிரித்துவிட அரை அங்குலத் துணிகூட இல்லை, பிள்ளை வளர்ந்தால் வேறு வாங்க வேண்டியதுதான்.   

ஆக, துணி அருமை, தையல் அருமை, காசும் மிச்சம். ஆனாலும் பக்கத்து மேசைப் பெண்ணிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கெட்டியான நிறத்தில் பருத்தி எடுத்து மடிப்பு வைக்காதே, வைத்தே ஆக வேண்டுமென்றால் சந்தன நிறத்தில் எடு என்றேன். நான் இனி தைக்கப்போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வந்தார். அவருடைய இளைய மகளுக்கு நான்கு வயதாகிறது. என் மகளின் பாவாடை கிடைக்குமா என்று முன்பே கேட்டிருந்தார், நானும் கொடுத்திருந்தேன். குன்னத்தூர் சத்திரத்தில் அதே தையல்காரர், பழைய ஊசி ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டே மூன்று மடிப்பையும் திரும்ப உள்ளே போட்டுக் கொடுத்துவிட்டார். கரும்பட்டை மூன்றும் உள்ளே போய்விட்டன. குட்டிப்பெண் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். மேலிருந்து கரை வரை ஒரே பச்சை, மெல்லிய பச்சை, புதிதாக வாங்கினால்கூட அந்த நிறம் கிடைக்காது. அத்தை என்னைப் பார்த்தார். நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.