ஓஇடி வகுப்புக்கு ஆசிரியர்: இங்கிலாந்தா, பிலிப்பைன்ஸா, உள்ளூரா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸிங் படித்த ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். நெய்யூர், வடசேரி என்று மிஷன் ஆஸ்பத்திரிகள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் ஊர். முன்பெல்லாம் வளைகுடா, இப்போது நிறையப் பேரின் கண் யுகே பக்கம். அதற்கு ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) அல்லது ஐஇஎல்டிஎஸ் (பொதுவான ஆங்கிலத் தேர்வு) தாண்ட வேண்டும். மார்த்தாண்டத்தில் ஓஇடி பயிற்சி நடத்தும் ஒரு மையத்தில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, நேரம் ஒதுக்குவது, அவர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் வேலை. பிரிட்டிஷ்காரர், பிலிப்பைன்ஸ்காரர், உள்ளூர்க்காரர் என்று மூன்று வகை ஆசிரியர்களோடும் வேலை செய்து பார்த்துவிட்டு, மாலை வகுப்புகளைப் பிலிப்பைன்ஸ் ஆசிரியைகளிடம் கொடுத்திருக்கிறோம். ஏன் என்று கேட்கும் மற்ற மையக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டவர் என்றால் ஆன்லைன்தான். நேரில் அழைத்து வந்து உட்கார வைக்க நினைப்பவர்கள் வேலை விசா விதியைப் பார்த்துவிடுவது நல்லது. வருஷத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் காட்ட வேண்டும். மொழி ஆசிரியர்களுக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் கிடையாது. மார்த்தாண்டத்தில் எந்த மையத்துக்கும் இது கட்டுப்படியாகாது.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “வெள்ளைக்காரரு தானே பாடம் எடுப்பாரு?” உச்சரிப்பைப் பற்றிய இந்தக் கவலையில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. ஓஇடி பேச்சுத் தேர்வில் பார்ப்பது நாம் பேசுவது தெளிவாகப் புரிகிறதா என்பதை. லண்டன்காரர் போல ஒலிக்கிறதா என்று மதிப்பெண் போடுவதில்லை. மயிலாடியில் 1809-இல் பள்ளி தொடங்கி இந்தப் பக்கத்துக் கல்விக்கே வித்திட்ட மிஷனரி ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர்தான், அதையும் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் மசிவதில்லை.

உள்ளூர் ஆசிரியர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மாணவி தமிழிலோ மலையாளத்திலோ யோசித்து எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சிக்கல் அவர்களை நிறுத்தி வைப்பதில்தான். நன்றாகப் பழகிய ஆசிரியர் ஒன்று ஓமனுக்குப் போவார், இல்லை டிஆர்பி தேர்வு எழுதி அரசுப் பள்ளிக்குப் போவார், இல்லை நம் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு எதிர்க் கட்டிடத்திலேயே போர்டு மாட்டுவார்.

பிரிட்டிஷ் ஆசிரியரிடம் எனக்குப் பிடித்தது ரோல்பிளே, அதாவது நர்ஸும் நோயாளியும் பேசுவது போல நடித்துப் பார்ப்பது. ஓஇடி பேச்சுத் தேர்வில் ஐந்து ஐந்து நிமிஷமாக இரண்டு ரோல்பிளே வரும். நோயாளி மருந்து வேண்டாம் என்கிறார் என்று அட்டையில் இருக்கும். நம் வார்டில் வேலை பார்த்த பிள்ளை என்ன செய்யும்? “பாட்டா, மாத்திரைய முழுங்கும், டாக்டரு ஏசுவாரு” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லும். அன்பாகத்தான் சொல்கிறது. ஆனால் நோயாளி தன் நிலையை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் புரிந்துகொள்வதற்கு அங்கே தனி மதிப்பெண். பிரிட்டிஷ்காரர் அந்த இடத்தில் நிறுத்துவார். “அவர் ஏன் வேண்டாம் என்கிறார், கேட்டீர்களா?” என்பார். கேட்கச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த ஊர் நோயாளி எதற்கு முகம் சுளிப்பார் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரிகிறது. இதில் பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள் ஒரு படி கீழேதான். எங்களிடம் இருப்பவர்கள் நர்ஸாக வேலை பார்த்தவர்கள் என்பதால் வார்டு விஷயம் அத்துப்படி. ஆனால் பெரியவர்களிடம் பேசும் பழக்கத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான்.

சரி, அப்புறம் ஏன் பிலிப்பைன்ஸ்? எனக்கு இந்த முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம். வகுப்பில் ஏதாவது தவறாகப் போனால் அது என் காதுக்கு எப்படி வருகிறது, வந்த பிறகு யாருடைய மனதை நான் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான்.

பிரிட்டிஷ்காரரிடம் செய்தி சீக்கிரம் வரும், அதில் குறை சொல்ல முடியாது. வாரக் கூட்டத்தில், எல்லா ஆசிரியர்களும் இருக்கையில், “இந்த பேட்ச்சில் கடிதம் எழுதப் பயிற்சி போதவில்லை, நான்கு பேர் இந்தத் தேதியில் தேறமாட்டார்கள்” என்று போட்டு உடைப்பார். அவருக்கு அது வேலை விஷயம். எழுத்துப் பாடம் எடுக்கும் எங்கள் டீச்சருக்கு அது நாலு பேர் முன்னால் மூக்கறுபட்டது. மறுநாள் “காய்ச்சல் சார்” என்று விடுப்பு. அப்புறம் நான் அவர் வீட்டுக்குப் போய், சாயா குடித்து, வேறு ஏதேதோ பேசி, கடைசியில் இந்தப் பேச்சுக்கு வந்து சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. பிரிட்டிஷ்காரரிடம் “தனியாக என்னிடம் சொல்லுங்கள்” என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். ஆனால் மறைக்கச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் கடைசிவரை இருந்தது.

பிலிப்பைன்ஸ் ஆசிரியையிடம் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் “ஓகே சார்” தான் பதில். பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். இதைக் கண்டு சில மேலாளர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இதில் சிரமமில்லை, ஏனென்றால் நம் ஊர் ஆசிரியர்களும் அப்படித்தான், யாரும் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. இவர்களிடம் கேட்கும் வழி வேறு. சனிக்கிழமை தனியாக அழைத்து, “தேர்வுத் தேதியைத் தள்ளிப்போட வேண்டியவர்கள் என்றால் எந்த மூன்று பேரைச் சொல்வீர்கள்?” என்பேன். உடனே பெயர்கள் வரும். ஒவ்வொருத்தியின் கடிதத்திலும் சிவப்பில் திருத்திய பக்கம் பின்னாலேயே வாட்ஸாப்பில் வரும். பெயரைச் சொல் என்று கேட்டால் குறை சொன்னதாக ஆகாது, கேட்டதற்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும். எங்கள் உள்ளூர் டீச்சரிடமும் இதே முறைதான். ஒரே பழக்கத்தில் இரண்டு தரப்பையும் ஓட்டிவிடலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இதில் ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை புயலில் மின்சாரம் போய், ஆசிரியை தன் தோழியை வகுப்பெடுக்க வைத்துவிட்டு எங்களிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தது மாணவிகள் சொல்லித்தான். தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாராம். அதே மாதிரி, நாம் கேட்கும் கூடுதல் வகுப்புகளுக்கெல்லாம் சரி என்பார், களைத்துப் போனால் சொல்லமாட்டார். இங்கே மாலை ஆறு மணி என்றால் மணிலாவில் எட்டரை. எட்டுக்கு நாம் முடித்தால் அங்கே இரவு பத்தரை. ஆகவே நாமாகத்தான் வரம்பு போட வேண்டும். பிரிட்டிஷ்காரருக்கு அது மதிய நேரம், உடம்புக்கு சுகம். ஆனால் மார்ச்சிலும் அக்டோபரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும்போது நம் அட்டவணை குழம்பும். திடீர் வகுப்பு என்ற பேச்சுக்கே அவரிடம் இடமில்லை, இரண்டு வாரம் முன்னால் சொல்லியாக வேண்டும். தேர்வுத் தேதி கிடைத்ததும் ஓடிவரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது.

விடுமுறை விஷயத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு அதிசயமாக ஒத்துப்போகிறது. நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைத்துக் கல்லறைக்குப் போக விடுப்பு கேட்பார்கள். கருங்கல், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளும் அப்போது கல்லறையில்தான் நிற்பார்கள். அங்கே 13-ஆம் மாதச் சம்பளம் 1975 முதல் சட்டம், டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும். இங்கிருந்து சம்பளம் அனுப்பும் எங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு ஒரு தொகை அனுப்புகிறோம். உள்ளூர் டீச்சருக்குக் கொடுப்பது போலத்தானே.

பிரிட்டிஷ் ஆசிரியர்களில் நான் பழகியது மிகக் கொஞ்சம் பேரோடு. வேறொருவர் வந்திருந்தால் என் அபிப்பிராயம் மாறியிருக்கலாம். ரோல்பிளேக்காக மட்டும், தேர்வுக்கு முந்தைய வாரங்களில், அவர்களில் ஒருவரை இப்போதும் மணிக்கணக்கில் வைத்துக்கொள்கிறோம். மணிக்கட்டணம் பிலிப்பைன்ஸ் ஆசிரியையுடையதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது, அதனால் அளவோடுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றால் கணக்கே வேறு. அதில் வெளிநாட்டவரை நான் வைத்துப் பார்த்ததில்லை, வைக்கும் எண்ணமும் இல்லை. அங்கே எனக்கு உள்ளூர் டீச்சர்தான், எதிர்க் கட்டிடத்தில் போர்டு மாட்டினாலும் சரி.