தினம் 156 கி.மீ., ஒரு ஹைப்ரிட் கார்: 14 மாதக் கணக்கு

"ஹைவேயில் ஓட்ட ஹைப்ரிட் எதுக்கு? அது டவுனுக்குத்தானே" என்று கார் வாங்கும் முன் என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் ஹைப்ரிட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவர்கள் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. 14 மாதம், 50,000 கி.மீ. சொச்சம் ஓட்டிய பிறகு கணக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்ததில் நானே எதிர்பார்க்காத ஒன்று அகப்பட்டது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பாதை. வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு வழிக்கு 78 கி.மீ. அதில் 64 கி.மீ. நல்ல நெடுஞ்சாலை, 45 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் 14 கி.மீ. ஊருக்குள் ஊர்ந்து போவது, அதற்கும் கிட்டத்தட்ட 40 நிமிடம். மாதம் 22 நாள். கார் 1.8 லிட்டர் பெட்ரோல் ஸ்ட்ராங் ஹைப்ரிட் செடான், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உண்டு, மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டுமே காரை நகர்த்தும். இதற்கு முன் வைத்திருந்ததும் ஏறக்குறைய அதே அளவு செடான்தான், சாதாரண பெட்ரோல், மேனுவல் கியர்.

ஹைப்ரிட் எங்கே எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது என்று புரிந்தால்தான் மற்றது புரியும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் மெதுவாக நகரும்போதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நெடுஞ்சாலையில் வேலையே இல்லை. ஒன்றரை டன் கார் 90-ல் போய்க்கொண்டிருக்கும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.13 யூனிட் மின்சாரம், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது கிட்டத்தட்ட 9 யூனிட். அதாவது 90-லிருந்து நின்று, அந்த ஆற்றலை ஒரு துளி விடாமல் பிடித்தால்கூடக் கையில் வருவது சொற்பம், அதையும் முழுசாகப் பிடிக்க முடியாது. ஊருக்குள் பத்தடிக்கு ஒருமுறை பிரேக் போடுவதால் அந்தச் சொற்பம் சேர்ந்து பெருகுகிறது. ஹைவேயில் அரை மணி நேரத்துக்குப் பிரேக்கைத் தொட்டால்தானே.

அப்படியென்றால் ஹைவேயில் லாபமே இல்லையா? இருக்கிறது, அது வேறு வழியில் வருகிறது. முந்திப் போகும்போது கைகொடுக்க மோட்டார் இருப்பதால், இன்ஜினை இழுவைக்காக வடிவமைக்காமல் சிக்கனத்துக்காக வடிவமைக்கிறார்கள். அட்கின்சன் சுழற்சி என்பார்கள், உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடி, எரிந்த வாயு விரிவதிலிருந்து கூடுதல் வேலையைக் கறக்கும் முறை. டொயோட்டா ப்ரியஸின் நான்காம் தலைமுறை இன்ஜினுக்கு 40 சதவீத வெப்பத்திறன் (எரிபொருளின் சக்தியில் வேலையாக மாறும் பங்கு) என்று அந்த நிறுவனமே சொன்னது, பெட்ரோல் இன்ஜினுக்கு அது பெரிய எண். கூடவே காற்றைக் கிழித்துப் போகும் உடல்வாகு, உருளும் தடை குறைந்த டயர்.

ஒரே காரின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2020 டொயோட்டா கொரோலாவுக்கு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. தந்த எண்களை 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்தேன். சாதாரண 1.8 பெட்ரோல் ஊருக்குள் 7.8, ஹைவேயில் 6.2. ஹைப்ரிட் ஊருக்குள் 4.4, ஹைவேயில் 4.5. ஊருக்குள் 100 கி.மீ.க்கு 3.4 லிட்டர் மிச்சம், ஹைவேயில் 1.7. சரி பாதி! ஒருநாளும் மைலேஜ் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள்; லிட்டருக்கு 10 கி.மீ. தருவது 15 ஆனால் 100 கி.மீ.க்கு 3.3 லிட்டர் குறைகிறது, அதே 20 தருவது 25 ஆனால் ஒரே ஒரு லிட்டர்தான் குறைகிறது, இரண்டும் "5 கூடியது" என்றே காதில் விழும்.

இனி என் நோட்டு. டேங்க் முழுக்க நிரப்பி, அடுத்த முறை மறுபடி முழுக்க நிரப்பிக் கணக்கிட்டது. டிஸ்ப்ளே காட்டுவதை அப்படியே நம்பவில்லை, என் காரில் அது எப்போதும் கொஞ்சம் பெருந்தன்மையாகவே காட்டும். பழைய கார் மாதத்துக்கு 232 லிட்டர் குடித்தது. ஹைப்ரிட் 144. மாதம் 88 லிட்டர் மிச்சம், முதல் இரண்டு மாதம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. பழைய காரை நான் 110-ல் ஓட்டுவேன். ஹைப்ரிட்டில், சிக்கனமாக ஓட்டுகிறோம் என்று டிஸ்ப்ளே காட்டும் அந்தப் பச்சை நிறக் கோட்டைப் பார்த்துப் பார்த்து என்னையறியாமல் 90-க்கு இறங்கியிருந்தேன். பழைய காரை வீட்டில் அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தார், அவரிடமிருந்து ஒரு வாரம் கடன் வாங்கி அதே பாதையில் அதே 90-ல் ஓட்டினேன். மாதக் கணக்குக்கு மாற்றினால் 211 லிட்டர் வந்தது. ஆக அந்த 88-ல் 21 லிட்டர் ஹைப்ரிட்டின் சாதனையே இல்லை, என் வலது காலின் சாதனை. காரே மாற்றாமல் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடியது.

மிச்சம் 67. அதைப் பாதையின் இரண்டு பகுதிக்கும் பிரித்துப் பார்த்ததில்தான் நான் முதலில் சொன்ன அந்த எதிர்பாராதது வந்தது. நெரிசலான 14 கி.மீ. தந்த மிச்சம் சுமார் 34 லிட்டர். 64 கி.மீ. நெடுஞ்சாலை தந்தது 33. நாலரை மடங்கு நீளமான சாலையும் அந்தக் குட்டி நெரிசலும் ஏறக்குறைய ஒரே அளவு! பழைய கார் அந்த நெரிசலில் லிட்டருக்கு 10.5 கொடுத்தது, ஹைப்ரிட் 25 கொடுக்கிறது, அதிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்திருக்கும், அதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால். ஹைவேயில் பழையது 18.5, இது 23.5.

அதனால் யாராவது என்னிடம் "தினம் 80 கி.மீ. ஹைவே போறேன், ஹைப்ரிட் எடுக்கலாமா" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "கடைசி 10 கி.மீ. எப்படி?" என்பதுதான். வாசலில் ஏறினால் ஹைவே, இறங்கினால் ஆபீஸ் கேட் என்றால் ஹைப்ரிட்டுக்குப் பாதி பலம் போய்விட்டது. ஆனால் நீண்ட தூரம் வேலைக்குப் போகிற பலருக்கும் ஹைவே ஒரு நெரிசலில்தான் போய் முட்டுகிறது.

வேகம் பற்றி ஒன்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90-லிருந்து 120-க்குப் போனால் தடை 1.8 மடங்கு. அதை எந்த பேட்டரியும் மாற்றாது. ஒருநாள் தாமதமாகிவிட்டதென்று வேக வரம்பு அனுமதித்த பகுதி முழுக்க 120-ஐ ஒட்டியே ஓட்டினேன், ஹைவே பகுதி மைலேஜ் 18.5-க்கு வந்து நின்றது. பழைய கார் 90-ல் கொடுத்ததும் அதேதான். மிச்சமானது சுமார் பத்து நிமிடம். உங்கள் கால் 120-லிருந்து இறங்காது என்று உங்களுக்கே தெரிந்தால், ஹைப்ரிட்டுக்கென்று கூடுதல் பணம் கொடுக்குமுன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? சமவெளியில் சுகம், கியர் என்ற நினைப்பே வராது. ஹைவேயில் ஏறும் சரிவில் அழுத்தினால் மட்டும் இன்ஜின் பெரிதாக ஊளையிடும், வேகம் நிதானமாக ஏறும், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். மோட்டாரையும் இன்ஜினையும் கோள் பற்சக்கரத் தொகுதி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் சுழலும் அமைப்பு) வழியாகச் சேர்க்கும் கார்களின் குணம் அது. ஹோண்டாவின் முறை வேறு, ஹைவே வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு பிணைத்துவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், காதுக்கு ஒத்துவருவது ஆளுக்கு ஆள் மாறும். என் பாதையில் 6 கி.மீ. ஏற்றம் ஒன்று உண்டு. பாதி ஏறுவதற்குள் பேட்டரி காலி, மீதியை அந்த 1.8 தனியாக முனகிக்கொண்டு இழுக்கும். பேட்டரி ஒன்றும் பெரியதில்லை, இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். மலைப் பாதையில் தினமும் போகிறவர் இதை டெஸ்ட் டிரைவிலேயே ஏற்றிப் பார்க்க வேண்டும், ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பதில் எதுவும் தெரியாது.

டயர் சத்தம் பற்றி எச்சரிக்கை. சிக்கன டயர்கள் கொஞ்சம் கடினம். சிமென்ட் சாலையில் 64 கி.மீ. அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு இறங்கும்போது காது விண்ணென்று இருக்கும். முதல் செட் தேய்ந்ததும் வேறு டயருக்கு மாறினேன், மைலேஜ் துளி குறைந்தது, நிம்மதி கூடியது.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் மாதம் ஹைப்ரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸில் பார்த்தவர், பேட்டரியையே மாற்ற வேண்டி வரலாம், வாரண்டியில் வருமா என்று கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று வயிற்றில் புளியைக் கரைத்தார். வேறொரு மெக்கானிக் பின் சீட்டுக்குக் கீழே கையை விட்டார். பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் அங்கேதான் இருந்தது, அதன் வடிகட்டி தூசியில் கம்பளி மாதிரி அடைத்துக்கிடந்தது. போதாக்குறைக்கு நான் தினமும் பையை அந்தத் துவாரத்தின் மேலேயே சாய்த்து வைத்து வந்திருக்கிறேன். பதினைந்து நிமிட வேலை, விளக்கு அணைந்தது, இன்றுவரை வரவில்லை. ஹைப்ரிட் வாங்கினால் அந்தத் துவாரம் எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரண்டி என்றதும் நினைவு வருகிறது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலாகக் கிடைக்கும் உத்தரவாதம். விற்பவர் "8 ஆண்டு" என்பதை அழுத்திச் சொல்வார். என்னைப் போல ஆண்டுக்கு 45,000 ஓட்டுகிறவனுக்கு அது மூன்றரை ஆண்டுதான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, டாக்ஸியாக ஓடிய ப்ரியஸ்கள் மூன்று லட்சம் கி.மீ.யைத் தாண்டியது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் தூரத்துக்கான வாரண்டியை நீட்டிக்க வழி உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணக் கணக்கை நான் லிட்டரில்தான் போடுவேன், எந்த ஊருக்கும் பொருந்தும். ஹைப்ரிட்டுக்கும் அதே காரின் சாதாரண வடிவத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்துக்கொள்ளுங்கள். 3,000 லிட்டர் என்று வந்தால், என் 67 லிட்டர் மிச்சத்தில் அது 45 மாதம். பிரேக் கட்டை மெதுவாகத் தேய்வதையெல்லாம் சேர்க்கவில்லை. ஹைவே மட்டுமே என்றால் என் கணக்கில் அது 90 மாதத்தை நெருங்கும், ஏழு ஆண்டுக்கு மேல், நான் வாங்கியிருக்க மாட்டேன்.

மைல்டு ஹைப்ரிட் என்று ஒட்டியிருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்தச் சின்ன மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது வெளியே செருகி சார்ஜ் போடும் பெரிய பேட்டரி உள்ளது, வேலை செய்யும் இடத்திலும் சார்ஜ் போட முடிந்தால் நன்று, இல்லையென்றால் திரும்பி வரும் வழியெல்லாம் காலி பேட்டரியின் எடையைச் சுமக்க வேண்டியதுதான். வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருந்தால் 156 கி.மீ.க்கு முழு மின்சார காரையே பாருங்கள், அந்தத் தூரம் இன்றைய கார்களில் பலவற்றுக்குப் பெரிதே இல்லை. நான் தெருவில் நிறுத்துகிறவன், எனக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

கடைசியாக ஒரு புகார். என் காரில் ஸ்டெப்னி கிடையாது, பேட்டரிக்கு இடம் விட்டதில் அது போய்விட்டது. பதிலுக்கு ஒரு பஞ்சர் டப்பாவும் குட்டி கம்ப்ரஸரும். இரவு ஒன்பது மணிக்கு ஹைவே ஓரத்தில், டயரின் பக்கவாட்டு கிழிந்த நிலையில், அதற்கு உதவாத அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் கட்டிப் போட்டிருக்கிறேன். டிக்கியில் பாதி இடம் போச்சு, போகட்டும்.