ஆடம்ஸா, பிராட்செட்டா?

சிரிக்கவும் வேண்டும், மாய உலகமும் வேண்டும் என்பவர்கள் முதலில் தடுமாறுவது ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர்களான டக்ளஸ் ஆடம்ஸ், டெரி பிராட்செட் இருவருக்கும் இடையில்தான்.

அளவு: ஆடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' 1978இல் பிபிசி வானொலித் தொடராகப் பிறந்தது, அந்த வரிசையில் அவர் எழுதிய நாவல்கள் ஐந்து.
பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள். பயப்படாதீர்கள், எங்கிருந்தும் தொடங்கலாம்.

சிரிப்பு: ஆடம்ஸ் பிரபஞ்சத்தையே தாலுகா ஆபீஸ் ஆக்குகிறார். விண்வெளிச் சாலை போட பூமியை இடிக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம்!
பிராட்செட்டின் உலகம் தட்டை. ஆமை மேல் நான்கு யானை, யானை மேல் உலகம். அபத்தம்தான். ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் நம் தெருக்காரர்கள் போல இருக்கிறார்கள். மரணமே ஒரு பாத்திரம். அவருக்குப் பூனைகளும் மசாலாக் குழம்பும் பிடிக்கும். அவர் பேச்செல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) அச்சாகும். பெரிய எழுத்தே இல்லாத தமிழில் அதை எப்படிக் கொண்டுவருவது?

மறுவாசிப்பு: ஆடம்ஸில் தனி வரிகள் நிற்கும், கதை நழுவிவிடும். பிராட்செட்டில் மனிதர்கள் நிற்பார்கள்.

ஒரு ரயில் பயணத்துக்கு ஆடம்ஸ் போதும். நீண்ட துணை வேண்டுமென்றால் பிராட்செட். ஆனால் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையின் முதல் நாவலை விட்டுவிட்டு, அதிலேயே வரும் 'மார்ட்' நாவலில் தொடங்குங்கள்.