கண்ணியைப் பிளப்பதா, கணுவை நகர்த்துவதா: திரவப் படிகக் கணக்கீட்டில் இரு வழிகள்

திரவம்போல் ஓடினாலும் நீள் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசை பார்த்து நிற்கும் நெமாட்டிக் திரவப் படிகத்தைக் கணினியில் மாதிரியிட முனையும் எவரையும் முதலில் திணறடிப்பது அதிலுள்ள இருவேறு நீள அளவுகள்தாம். திரைக்கான ஒரு கலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர். அதற்குள் மூலக்கூறுகளின் சராசரித் திசை ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடி வரை மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது. ஆனால் திசை இன்னது என்றே சொல்ல முடியாத குறைபாட்டுக் கோடு ஒன்று நடுவே தோன்றிவிட்டால், அதன் கரு சுமார் 10 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். கணக்கிடும் இடத்தைச் சிறு கண்ணிகளாகவும் அவற்றின் மூலைப் புள்ளிகளான கணுக்களாகவும் பகுப்பதே வலை. இந்த இரு அளவுகளையும் ஒரே வலையில் பிடிப்பது எப்படி என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

எந்தக் கோட்பாட்டை வைத்துக் கணக்கிடுவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. திசையை ஓரலகுத் திசையனாக மட்டும் எழுதும் ஓசீன்–ஃபிராங்க் கோட்பாட்டில், கருவை நெருங்க நெருங்க ஆற்றல் மடக்கைப் போக்கில் ஏறி முடிவிலிக்குப் போய்விடும். தலை, கால் வேறுபாடில்லாத நெமாட்டிக்கில், சுற்றி வந்தால் திசை அரைச்சுற்று மட்டுமே திரும்பும் அரைச்சுற்றுக் குறைபாடு இயல்பானது. அம்புத்தலை வைத்த திசையனால் அதைத் தொடர்ச்சியாக எழுதவும் முடியாது. லண்டாவ்–டி ஜென் கோட்பாடோ, திசையோடு ஒழுங்கின் அளவையும் சேர்த்து, மூலைவிட்டக் கூட்டுத்தொகை சுழியான ஒரு சமச்சீர் டென்சரில் (3×3 எண் அட்டவணையில்), ஐந்து தனி எண்களாக எழுதுகிறது. கருவுக்குள்ளும் எல்லாம் வழுவழுப்பாகவே மாறுவதால், கண்ணிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை ஓரிடத்தில் வந்து நிற்கிறது.

வலை முழுவதையும் ஒரே சீராக நெருக்கமாக்கும் வழியை ஒரு கணக்கே தள்ளிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை 2.5 நானோமீட்டர் கண்ணிகளால் நிரப்பினால் பக்கத்துக்கு 400, மொத்தம் 6.4 கோடி கண்ணிகள்; கணுவுக்கு ஐந்து எண் வீதம் சுமார் 32 கோடி அறியா எண்களை ஒவ்வொரு காலப்படியிலும் தீர்க்க வேண்டும். செலவுக்கு அஞ்சிக் கண்ணியை 20 நானோமீட்டராக வைத்தால், கரு இரு கணுக்களுக்கு இடையே விழுந்து சிக்கிக்கொள்ளும். எதிரெதிர்க் குறியுள்ள, அதாவது திசை எதிரெதிராகத் திரும்பும், இரு அரைச்சுற்றுக் குறைபாடுகள் ஒன்றையொன்று ஈர்த்து, நெருங்க நெருங்க விரைந்து, இறுதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். பரும்படியான வலையில் அவை நின்ற இடத்திலேயே நிற்பதுண்டு. படம் ஒழுங்காகவே தெரியும் என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

கண்ணியைப் பிளக்கும் முறை, தீர்த்துப் பார், பிழையை மதிப்பிடு, பிழை மிகுந்த கண்ணிகளைக் குறி, அவற்றை மட்டும் பிள என்ற சுழற்சியில் ஓடுகிறது. மதிப்பீட்டுக்கு 1987இல் பொறியியலாளர்கள் சியன்கீவிச்சும் சூவும் முன்வைத்த சாய்வு மீட்பு உத்தி (கணக்கில் வந்த சாய்வை, அதாவது மாறும் வீதத்தை, வழுவழுப்பாக்கி, இரண்டுக்குமான வேறுபாட்டைப் பிழையாகக் கொள்வது) இன்றும் கைகொடுக்கிறது. மேலே சொன்ன கனசதுரத்தின் குறுக்கே ஒரே ஒரு குறைபாட்டுக் கோடு ஓடுவதாகக் கொள்வோம். 40 நானோமீட்டர் கண்ணியில் தொடங்கி, கோட்டைச் சுற்றி 30 நானோமீட்டர் ஆரத்துக்குள் மட்டும் நான்கு முறை பாதியாக்கினால், அந்தக் குழாய்க்குள் 2.5 நானோமீட்டர் கண்ணிகள் சுமார் 1.8 லட்சம்தான் வரும். இடைநிலைக் கண்ணிகளைச் சேர்த்தாலும் 6.4 கோடியின் பக்கத்தில்கூட இது வராது. நெமாட்டிக்கில் மூழ்கிய கோளத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் குறைபாடு, பள்ளமும் மேடுமான பரப்புள்ள கலம் போன்ற சிக்கலான வடிவங்களுக்கும் இது தயங்காமல் பொருந்தும். குறைபாடு நகரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது: முன்னே பிளந்துகொண்டும் பின்னே சேர்த்துக்கொண்டும் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் பழைய வலையின் மதிப்புகளைப் புதிய வலைக்கு மாற்ற வேண்டும். நேரியல் இடைக்கணிப்பில் டென்சரின் சமச்சீரும் சுழிக் கூட்டுத்தொகையும் கெடுவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் இறங்க வேண்டிய ஆற்றல் அந்த மாற்றத்தின்போது சிறிது ஏறிவிடலாம்.

கணுக்களின் எண்ணிக்கையை மாற்றாமல், தேவைப்படும் பக்கம் அவற்றை நகர்த்துவது மற்ற வழி. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தினரும் பிரிஸ்டலில் இயங்கிய ஹெச்பி ஆய்வகத்தினரும் இதை முதலில் ஒற்றைப் பரிமாணத்தில் சோதித்தார்கள். எடுத்துக்கொண்ட சிக்கலும் பொருத்தமானது: இரு கண்ணாடிகளிலும் மூலக்கூறுகள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும் மெல்லிய கலத்தில் வலுவான மின்புலம் செலுத்தும்போது, நடுப்பகுதியில் திசை சுழலாமலே பழைய ஒழுங்கு கரைந்து, அதற்குச் செங்குத்தான புது ஒழுங்கு தலையெடுக்கிறது. கணுக்கள் எதைப் பார்த்து நகர வேண்டும் என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மதிப்புகள் மாறும் வீதமான சாய்வை மட்டும் காட்டினால் கணுக்கள் அனைத்தும் கருவுக்குள் குவிந்து, கலத்தின் மீதிப் பகுதி வெறிச்சோடிவிடும். ஆகவே சராசரி மதிப்பு ஒன்றைச் சேர்த்துக் கணுக்களில் ஒரு பங்கை வெளியே இருத்திவைக்கிறார்கள். கருவில் மேலோங்கும் ஈரச்சுத் தன்மையை (ஒழுங்கு ஒரே அச்சைச் சுற்றிச் சமச்சீராக இல்லாத நிலையை) அளவுகோலாக்கியது நல்ல தேர்வு என்பேன். தரவமைப்பு மாறாததால் சமன்பாட்டு அணியின் வடிவமும் மாறுவதில்லை. வேகமாக ஓடும் குறைபாட்டைப் பின்தொடர இதைவிட இதமான வழி இல்லை. ஆனால் ஒரு குறைபாட்டுக்கு அளந்துவைத்த கணுக்களை நான்கு குறைபாடுகள் பங்குபோட நேர்ந்தால் எதற்கும் போதாமல் போகும், முப்பரிமாணத்தில் கண்ணிகள் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கண்ணிக்குள் உயர்படிப் பல்லுறுப்புக்கோவைகளைப் பயன்படுத்துவது தனி வழியன்று, துணை வழி. கரு ஓரளவு பிடிபட்ட பிறகுதான் அது பலன் தரும்.

ஆகவே குறைபாடுகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்து, இடம் மட்டும் மாறுமானால் கணுவை நகர்த்துவதையும், எண்ணிக்கையே மாறக்கூடுமானால் கண்ணியைப் பிளப்பதையும் தேர்வேன். திரையின் மின்புலத்தை ஏற்றி இறக்கும் கணக்குகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நேர்கிறது. எதை எடுத்தாலும் காலப்படியும் தகவமைய வேண்டும், ஏனெனில் கரு மைக்ரோவினாடியில் அடங்கிவிட, கலம் அடங்கப் பத்து மில்லிவினாடிகளுக்கு மேல் ஆகலாம். முடிவை நம்புமுன் ஒரு சோதனை செய்கிறேன்: எல்லைகளிலிருந்து தள்ளியிருக்கும் குறைபாட்டின் தொடக்க இடத்தைத் தொடக்க வலையின் அரைக் கண்ணி அளவு நகர்த்தி, அதே கணக்கை மீண்டும் ஓட்டுவேன், பாதையும் ஆற்றலும் ஏறத்தாழ அப்படியே திரும்பி வராவிட்டால், குறைபாட்டை இழுப்பது படிகமன்று, வலை.