கெட்டி கடத்தல்: ரிட்லி ஸ்காட் படமா, டேனி பாய்ல் தொடரா?

1973 ஜூலை 10 அதிகாலை, ரோம் நகரின் பியாட்சா ஃபார்னேசே பகுதியில் 16 வயது பால் கெட்டி கடத்தப்பட்டான். கேட்ட தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். தாத்தா ஜே. பால் கெட்டி எண்ணெய் அதிபர், அன்றைய உலகின் முதல்தரப் பணக்காரர். இன்று ஒரு காசு கொடுத்தால் மற்ற 14 பேரக்குழந்தைகளையும் தூக்கிவிடுவார்கள் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

இதே வழக்கை வைத்து 2017 டிசம்பர் 25-ல் 'ஆல் தி மணி இன் தி வேர்ல்டு' திரைக்கு வந்தது; சரியாக மூன்று மாதம் கழித்து 'டிரஸ்ட்' தொடர். முன்னது 132 நிமிடம், பின்னது 10 எபிசோடு.

இந்த வழக்கின் உயிரே பேரம்தான். அதை வைத்தே இரண்டையும் எடைபோட வேண்டும். நிஜத்தில் நடந்தது இது: பையனின் அறுத்த காதும் கொத்து முடியும் ரோமில் ஒரு நாளிதழுக்குத் தபாலில் வந்தன. தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தால் அதுவே மூன்று வாரம் தாமதம். அதற்குள் கேட்ட தொகை 32 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. கிழவர் தன் பங்காக ஒப்புக்கொண்டது 22 லட்சம். வருமான வரியில் கழித்துக்கொள்ள முடிந்த உச்சவரம்பு அவ்வளவுதான். மிச்சத்தைப் பையனின் அப்பாவுக்கு, அதாவது சொந்த மகனுக்கு, 4 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார்.

படம் இந்த வரிக்கணக்கைத் தொடுகிறது. ஆனால் முதலில் பிள்ளைகளின் மீதான உரிமையைத் தாயிடம் எழுதி வாங்கும் நிபந்தனை, பிறகு பாதுகாப்பு ஆள் சேஸ் முகத்துக்கு நேரே திட்டியதும் கிழவர் மசிவது என்று அதை நாடகமாக்கிவிடுகிறது. வட்டிக்கடனின் அற்பத்தனத்துக்கு முன்னால் அந்த வசனமெல்லாம் சப்பென்று இருக்கிறது.

நடிப்பில் படத்துக்கே முதலிடம். கிழவர் வேடத்தில் எடுத்து முடித்திருந்த கெவின் ஸ்பேசி காட்சிகளைத் தூக்கிவிட்டு, நவம்பர் கடைசியில் ஒன்பதே நாளில் கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து மறுபடி எடுத்தார்கள். தைத்த இடம் தெரியவில்லை. விருந்தாளிகளுக்காகத் தன் மாளிகையில் காசு போட்டுப் பேசும் தொலைபேசியை வைத்திருக்கும் கஞ்சனை அவர் கத்தாமல், சிரித்த முகத்தோடு செய்கிறார். 88 வயதில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. தாயாக மிஷெல் வில்லியம்ஸ் அழுது தீர்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு பலம். மார்க் வால்பெர்க்கின் சேஸ் வெறும் கோட்டு சூட்டு.

தொடரில் டொனால்ட் சதர்லேண்டின் கிழவர் காமமும் குரூரமும் கலந்த ஆள். மாளிகையில் காதலிகள் பட்டாளம். மிகை தட்டுகிறது. ஆனால் கடத்தல்காரர்கள் பக்கம் வந்தால் படம் கிட்டேகூட நெருங்க முடியாது. படத்தில் சிங்குவாந்தா என்ற ஒருவன் மனமிரங்குகிறான், மற்றவர்கள் கூட்டம். தொடரோ தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மலைக்கிராமத்துக்குள்ளேயே குடியேறி, என்ட்ராங்கெட்டா என்ற அந்தப் பகுதி மாஃபியா கும்பலின் குடும்பக் கணக்கு, கோயில், கல்யாணம், பயம் எல்லாவற்றையும் இத்தாலிய மொழியிலேயே காட்டுகிறது. கடத்தல்காரன் பிரிமோவாக வரும் லூக்கா மாரினெல்லி சிரித்தாலே வயிற்றைப் பிசைகிறது.

உண்மைக்கு எது பக்கம்? இரண்டுக்கும் ஓட்டை உண்டு. பையன் விடுதலையான இரவிலேயே கிழவர் சாவதாகப் படம் முடிகிறது. பையன் கிடைத்தது 1973 டிசம்பர் 15, தெற்கே லௌரியா ஊர் அருகே. கிழவர் இறந்தது 1976 ஜூனில். ஊருக்குள் நடக்கும் கடைசித் துரத்தலும் திரைக்கதையின் சரக்கு. தொடரின் தவறு இதைவிடக் கனமானது: கடனை அடைக்கப் பையனே தன் கடத்தலுக்குத் திட்டம் போட்டான் என்கிறது. ஒளிபரப்புக்கு முன்பே அவன் சகோதரி வக்கீல் மூலம் ஆட்சேபித்தார்.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் படம் போதும். காது அறுக்கும் காட்சியில் கேமரா விலகாது, குழந்தைகளோடு உட்கார வேண்டாம். ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் தொடர்தான். பாய்ல் இயக்கியது முதல் மூன்று எபிசோடு மட்டுமே. இரண்டாவதில், சேஸாக வரும் கௌபாய் தொப்பி போட்ட பிரெண்டன் ஃப்ரேசர் கேமராவைப் பார்த்து நேரே நம்மிடம் பேச ஆரம்பிப்பார். பலர் அங்கேயே அணைத்துவிடுகிறார்கள். கலாப்ரியா அதற்குப் பிறகுதான் வருகிறது.